பேரைக் கேட்காதீர்கள், ஊரைக் கேளுங்கள்: பின்னணியில் ஓடும் புரோகிராமை விசாரிக்கும் முறை

படலையைத் திறந்துகொண்டு தெரியாத ஒருவர் முற்றத்துக்குள் வந்தால் எங்கள் பக்கத்தில் பேரைக் கேட்பது கடைசியில்தான். "எவடம் நீங்கள்? ஆருடைய ஆள்? ஆர் அனுப்பினது?" என்றுதான் தொடங்குவார்கள். பேரை எவரும் எப்படியும் சொல்லிக்கொள்ளலாம், ஊரையும் உறவையும் அவ்வளவு எளிதில் சோடிக்க முடியாது.

கொம்பியூட்டர் என்று வந்தவுடன் இந்தப் புத்தியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஓடுகிறவற்றைப் பட்டியலிடும் டாஸ்க் மனேஜரைத் திறக்கிறார்கள், வாயில் நுழையாத ஒரு பெயரைப் பார்க்கிறார்கள், அதைக் கூகிளில் போட்டுத் தேடுகிறார்கள். வரும் பதில்களில் பாதி "இது வைரஸாக இருக்கலாம், எங்கள் கிளீனரை இறக்குங்கள்" என்பவை. அந்தக் கிளீனர்தான் பல வேளை வந்திருக்கும் புதுத் தலையிடி.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஒன்றுமே திறக்காத நேரத்தில்கூட நூற்றுக்கு மேற்பட்ட புரொசெஸ்கள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள், இருக்கும். அது வழமை. "சிஸ்டம் ஐடில் புரொசெஸ்" 95 வீதம் சீபியூவைத் தின்கிறது என்று பதறுகிறவர்களும் உண்டு. சீபியூ 95 வீதம் சும்மா இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். சிஸ்டம், ரெஜிஸ்ட்ரி, மெமரி கம்ப்ரெஷன் என்ற மூன்றுக்கும் வழக்கமான புரோகிராம் ஃபைல் கிடையாது. அவை இருக்கும் இடத்தைத் தேடிக் களைக்க வேண்டாம்.

முதலில் ஊர்

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். முதல் பக்கத்தை விட்டு "டீட்டெயில்ஸ்" பக்கத்துக்குப் போங்கள். முதல் பக்கத்தில் தெரிவது புரோகிராமை எழுதியவன் தானே எழுதிவைத்த விளக்கம். அதில் "மைக்ரோசொஃப்ட்" என்று எழுத எவருடைய அனுமதியும் தேவையில்லை. டீட்டெயில்ஸ் பக்கத்தில் நிரல் (கொலம்) தலைப்பு ஒன்றின் மேல் ரைட் கிளிக் செய்து, "செலக்ட் கொலம்ஸ்" போய், "இமேஜ் பாத் நேம்", "கொமாண்ட் லைன்" இரண்டுக்கும் சரி போடுங்கள். இந்த இரண்டு நிரலும்தான் இனி வரும் வேலையில் பெரும் பங்கு.

இமேஜ் பாத் நேம் என்பது அந்த ஃபைல் குடியிருக்கும் விலாசம். விண்டோஸின் சொந்தப் பிள்ளைகள் அனேகமாக சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32 என்ற உள் ஃபோல்டரில் இருக்கும். சில சிஸ்வாவ்64இல் இருக்கும். பெயரைப் பார்த்தால் மாறித் தோன்றும்: 64 பிட் விண்டோஸில் 64 பிட் ஃபைல்கள் சிஸ்டம்32இலும், 32 பிட் ஃபைல்கள் சிஸ்வாவ்64இலும் இருக்கின்றன. பழைய புரோகிராம்கள் உடையக்கூடாது என்று மைக்ரோசொஃப்ட் அப்படி விட்டுவைத்தது. டெஸ்க்டொப்பையும் ஃபோல்டர்களையும் காட்டும் எக்ஸ்புளோரர் ஒரு விலக்கு. அது நேரே விண்டோஸ் ஃபோல்டரில்தான் இருக்கும், அதே பெயரில் ஒன்று சிஸ்டம்32க்குள் இருந்து ஓடினால்தான் யோசிக்க வேண்டும். நாம் ஏற்றும் புரோகிராம்கள் "புரோகிராம் ஃபைல்ஸ்" ஃபோல்டர்களில் இருக்கும்.

கள்ளன் ஒளியும் இடம் வேறு. யூசர் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், லோக்கல், டெம்ப். இவற்றைவிட யூசர்ஸ் பப்ளிக், புரோகிராம்டேட்டா. காரணம் எளியது. சிஸ்டம்32க்குள் ஒரு ஃபைலை வைக்க அட்மின் அனுமதி வேண்டும், திரை இருண்டு "ஆம், இல்லை" கேட்கும். ஆப்டேட்டாவில் வைக்க ஒருவரையும் கேட்கத் தேவையில்லை. திண்ணையில் படுக்க வீட்டுக்காரனின் சாவி எதற்கு?

அதற்காக ஆப்டேட்டாவில் இருப்பதெல்லாம் கள்ளன் என்று அழித்துவிடாதீர்கள். வைபர், டெலிகிராம், டிஸ்கோர்ட் எல்லாம் வழமையாகக் குடியிருப்பது அங்கேதான். விண்டோஸின் சொந்த அன்டிவைரஸான டிஃபெண்டரின் எஞ்சின்கூட இப்போது புரோகிராம்டேட்டாவுக்குள் "விண்டோஸ் டிஃபெண்டர், பிளாட்ஃபோர்ம்" என்ற பாதையில் இருந்துதான் ஓடுகிறது. டாஸ்க் மனேஜரில் "அன்டிமல்வெயார் சர்விஸ் எக்ஸிகியூட்டபிள்" என்று தெரிவது அதுதான். ஸ்கேன் நேரத்தில் சீபியூவை நன்றாக இழுக்கும், அதைக் கண்டு மிரள வேண்டியதில்லை. இடம் சந்தேகத்தைத் தரும், தீர்ப்பைத் தராது. ஆனால் விண்டோஸின் பெயரை வைத்துக்கொண்டு ஆப்டேட்டாவில் குடியிருந்தால் அதற்கு மேல் விசாரணை தேவையில்லை. சிஸ்டம்32இல் இருந்து விண்டோஸின் பின்னணிச் சேவைகளை (சர்விஸ்) ஓட்ட வேண்டிய எஸ்விசிஹோஸ்ட் டெம்ப் ஃபோல்டரில் இருந்தால் அது கள்ளன்தான்.

பாதையையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். "விண்டோஸ்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு இடைவெளி விட்டு இன்னொரு விண்டோஸ் ஃபோல்டர் செய்து, அதற்குள் ஒரு போலி சிஸ்டம்32 வைக்கும் தந்திரம் உண்மையிலேயே பயன்பாட்டில் உள்ளது. கண்ணுக்கு அந்த இடைவெளி தெரியவே தெரியாது. பெயரிலும் அதே விளையாட்டு: எஸ்விசிஹோஸ்டில் "வி"யும் "சி"யும் இடம் மாறியிருக்கும், அல்லது ஓ இருக்க வேண்டிய இடத்தில் பூச்சியம் இருக்கும். லொகினைச் சரிபார்க்கும் எல்எஸ்ஏஎஸ்எஸ் என்பதன் முதல் எழுத்தான சிறிய ஆங்கில எல்லுக்குப் பதிலாகப் பெரிய ஐ நிற்கும். டாஸ்க் மனேஜரின் எழுத்துருவில் இரண்டும் ஒரே கோடு. சந்தேகமிருந்தால் ஃபைலின் பெயரைக் கொப்பி பண்ணி நோட்பேடில் ஒட்டி, எழுத்துருவை கூரியர் நியூவுக்கு மாற்றிப் பாருங்கள், குட்டு வெளிப்படும்.

ஆருடைய பிள்ளை

ஒவ்வொரு புரொசெஸையும் இன்னொரு புரொசெஸ்தான் பெற்றெடுக்கிறது. இந்தத் தாய் பிள்ளை உறவை ஒழுங்காகப் பார்க்க டாஸ்க் மனேஜர் போதாது, புரொசெஸ் எக்ஸ்புளோரர் வேண்டும். சிஸ்இன்டேர்னல்ஸ் தொகுதியில் உள்ள இலவசக் கருவி இது. மார்க் ருசினோவிச் தன் கூட்டாளியோடு தொடங்கிய அந்த நிறுவனத்தை 2006இல் மைக்ரோசொஃப்ட் வாங்கியது, ஆகவே மைக்ரோசொஃப்டின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இன்ஸ்டோல் பண்ணத் தேவையில்லை. சிப்பை விரித்து, ரைட் கிளிக் செய்து, அட்மினாக ஓட்டினால் போதும். அட்மினாக ஓட்டாவிட்டால் பாதி விபரம் வெறுமையாக இருக்கும். "ஒன்றும் காட்டவில்லையே" என்ற முறைப்பாடு பெரும்பாலும் இதனால்தான்.

எஸ்விசிஹோஸ்டுக்குத் தாய் எப்போதும் சர்விசஸ் என்ற புரொசெஸ். சர்விசஸுக்கும் எல்எஸ்ஏஎஸ்எஸ்ஸுக்கும் தாய் வின்இனிட். எல்எஸ்ஏஎஸ்எஸ் ஒரு கொம்பியூட்டரில் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், இரண்டு இருந்தால் ஒன்று போலி. சிஎஸ்ஆர்எஸ்எஸ் வழமையாக இரண்டு இருக்கும். அதற்கும் எக்ஸ்புளோரருக்கும் தாய் தெரியாது, ஏனென்றால் பெற்றுவிட்டுத் தாய் ஓய்ந்துபோய்விடும். அது இயல்பு.

எஸ்விசிஹோஸ்ட் ஐம்பது அறுபது ஓடுகிறதே என்று கேட்பவர்களுக்கு: விண்டோஸ் 10இன் 2017 கிரியேட்டர்ஸ் அப்டேட்டிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ராம் உள்ள கொம்பியூட்டர்களில் அனேக சர்விஸ்களுக்குத் தனித்தனி எஸ்விசிஹோஸ்ட் கொடுத்துவிட்டார்கள். ஒரு சர்விஸ் விழுந்தால் பக்கத்துச் சர்விஸையும் இழுத்துக்கொண்டு விழாமலிருக்க. எண்ணிக்கை பிரச்சினை இல்லை. கொமாண்ட் லைன் நிரலில் ஒவ்வொன்றின் பின்னாலும் சிறுகோடு போட்டு ஆங்கில "கே" என்ற எழுத்தும் ஒரு குழுவின் பெயரும் இருக்கும். அந்த வால் இல்லாமல் மொட்டையாக ஒன்று ஓடினால், உண்மையான ஃபைலைத் திறந்து அதன் உள்ளே வேறு சரக்கை ஏற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். பெயர் சரி, ஊர் சரி, உள்ளே இருக்கும் ஆள் வேறு. அப்போது காட்டிக்கொடுப்பது தாயும் வாலும்தான்.

வேர்ட் ஆவணம் ஒன்று பவர்ஷெல்லைப் பெற்றெடுத்திருந்தால் அதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை. கடிதம் அடிக்கும் புரோகிராமுக்குக் கட்டளைத் திரை எதற்கு?

போட்டோக்கொப்பிக் கடைப் பென்ட்ரைவ்

திருகோணமலையில் வைரஸ் விசாரணைகள் இணையத்திலிருந்து அல்ல, பென்ட்ரைவிலிருந்துதான் பெரும்பாலும் தொடங்குகின்றன. ரியூசன் நோட்ஸ், கம்பஸ் அசைன்மென்ட், விண்ணப்பப் படிவம் எல்லாம் பிரதான வீதியிலோ உவர்மலையிலோ ஒரு கொமினிகேஷனில் பிரின்ட் எடுக்கத்தான் வேண்டும். அந்த ஒரு கொம்பியூட்டரில் நாள் முழுக்க ஊரிலுள்ள பென்ட்ரைவ் எல்லாம் வந்து போகும். வீட்டுக்கு வந்து திறந்தால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷோர்ட்கட் ஆகியிருக்கும். சொடுக்கினால் ஃபோல்டர் திறக்கவும் செய்யும், அதனால்தான் பலர் கவனிப்பதே இல்லை.

உள்ளே நடப்பது இது. உண்மையான ஃபோல்டருக்கு "மறை", "சிஸ்டம்" என்ற இரண்டு அடையாளங்களைப் போட்டு மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷோர்ட்கட் வைக்கப்படுகிறது. அந்த ஷோர்ட்கட் முதலில் ஒரு ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைகள் எழுதிய ஒரு சிறு ஃபைலை, ஓட்டும், பிறகு உங்கள் ஃபோல்டரைத் திறந்து காட்டும். ஸ்கிரிப்ட் ஆப்டேட்டாவுக்குள் தன்னைக் கொப்பி பண்ணிக்கொண்டு அங்கேயே குந்தியிருந்து, அடுத்து செருகப்படும் ஒவ்வொரு பென்ட்ரைவுக்கும் தொற்றும். 2011 தொடக்கத்தில் மைக்ரோசொஃப்ட் பென்ட்ரைவ்களின் ஓட்டோரனைப் பழைய விண்டோஸ்களிலும் அடைத்தது. அதற்குப் பிறகு தானாக ஓடும் வழி மூடப்பட்டு, நம் கையாலேயே சொடுக்க வைக்கும் இந்த வழிதான் செழித்தது.

இங்கே டாஸ்க் மனேஜரில் தெரிவது ஸ்கிரிப்ட்களை ஓட்டும் விண்டோஸின் சொந்தப் புரோகிராமான டபிள்யூஸ்கிரிப்ட். விலாசம் சிஸ்டம்32, கையொப்பம் மைக்ரோசொஃப்ட். பெயரைத் தேடினாலும் "பாதுகாப்பானது" என்றே வரும், அதுவும் உண்மை. ஆள் நல்லவன், தோளில் இருக்கும் பைதான் பிரச்சினை. கொமாண்ட் லைன் நிரலைப் பாருங்கள். டபிள்யூஸ்கிரிப்டின் பின்னால் ஆப்டேட்டாவிலோ டெம்பிலோ உள்ள ஒரு ஸ்கிரிப்ட் ஃபைலின் பாதை இருக்கும். வீட்டுக் கொம்பியூட்டரில் இது நிரந்தரமாக ஓட எந்த நியாயமும் இல்லை. பவர்ஷெல், ரன்டிஎல்எல்32, எம்எஸ்எச்டிஏ, ரெக்எஸ்விஆர்32, எம்எஸ்ஐஎக்ஸெக் ஆகியவற்றையும் இப்படித்தான் விசாரிக்க வேண்டும். 2021இலிருந்து பரவிய ராஸ்பெரி ரொபின் என்ற பென்ட்ரைவ் புழு ஷோர்ட்கட் வழியாக எம்எஸ்ஐஎக்ஸெக்கைக் கொண்டே தன் சரக்கை இணையத்திலிருந்து இறக்கியது. பவர்ஷெல்லின் பின்னால் அர்த்தமில்லாத எழுத்துகள் நாலைந்து வரிக்கு நீண்டிருந்தால், அல்லது "ஹிடன்" என்ற சொல் இருந்தால், நின்று பார்க்க வேண்டும்.

சுத்தப்படுத்தும்போது ஒழுங்கு முக்கியம். பென்ட்ரைவை முதலில் துப்புரவாக்கி, கொம்பியூட்டரை விட்டுவிட்டால், ஐந்து செக்கனில் திரும்ப வந்துவிடும். முதலில் டபிள்யூஸ்கிரிப்டை நிறுத்துங்கள். அடுத்து கொமாண்ட் லைனில் கண்ட ஸ்கிரிப்டை அந்த இடத்திலேயே அழியுங்கள். பிறகு அது தானாகத் தொடங்கும் பதிவுகளை எடுக்க வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன். கடைசியில்தான் பென்ட்ரைவ். ஷோர்ட்கட்களை அழித்து, மறைந்த ஃபோல்டர்களை மீட்க வேண்டும். "ப்ரொப்பர்ட்டீஸ்" போய் மறை என்ற சரியை எடுக்கலாமென்றால் அது மங்கிப்போய்ச் சொடுக்க விடாது. சிஸ்டம் அடையாளமும் சேர்ந்திருப்பதே காரணம். கொமாண்ட் புரொம்ப்டில் பென்ட்ரைவின் எழுத்துக்கு மாறி, அட்ரிப் என்ற கட்டளையை அடித்து, கழித்தல் எச், கழித்தல் எஸ், கழித்தல் ஆர் என்று ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு வெளிவிட்டு, அடுத்து நட்சத்திரக் குறி, பிறகு சாய்கோடு எஸ், சாய்கோடு டி. சாய்கோடு டி விடுபட்டால் ஃபைல்கள் மீளும், ஃபோல்டர்கள் மறைந்தே கிடக்கும். "எல்லாம் அழிஞ்சு போச்சு" என்று அழுதுகொண்டு போர்மட் பண்ணியவர்கள் இழந்ததெல்லாம் இந்த ஒரு வரியில் மீட்டிருக்கக்கூடியவை.

கொமினிகேஷன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சொஃப்ட்வெயார், மைக்ரோசொஃப்ட், விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட், செட்டிங்ஸ் என்ற இடத்தில் "எனேபிள்ட்" என்று ஒரு டிவேர்ட் பெறுமதி உருவாக்கி 0 கொடுத்தால் டபிள்யூஸ்கிரிப்ட் ஓடவே ஓடாது. பிரின்ட் எடுக்கும் கொம்பியூட்டருக்கு அது தேவையும் இல்லை.

கையொப்பம், வைரஸ்டோட்டல்

ஃபைலின் மேல் ரைட் கிளிக், ப்ரொப்பர்ட்டீஸ், "டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்". யார் வெளியிட்டது, அதன் பிறகு ஒரு எழுத்தாவது மாற்றப்பட்டதா என்று இது சொல்லும். ஆனால் அந்தப் பக்கமே இல்லாவிட்டால் உடனே கள்ளன் என்று முடிவு கட்டாதீர்கள். விண்டோஸின் சொந்த ஃபைல்கள் பலவற்றுக்குக் கையொப்பம் ஃபைலுக்குள் இல்லை, வேறாகக் கட்டலொக் என்ற பட்டியலில் இருக்கிறது. நோட்பேட்கூட அப்படித்தான். புரொசெஸ் எக்ஸ்புளோரரில் "ஒப்ஷன்ஸ்" போய் "வெரிஃபை இமேஜ் சிக்னேச்சர்ஸ்" போட்டால் இரண்டு வகையையும் பார்த்துச் சொல்லிவிடும்.

கையொப்பம் இருப்பதும் முழு உத்தரவாதம் அல்ல. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், ரியல்டெக், ஜேமைக்ரோன் நிறுவனங்களிடமிருந்து திருடிய சான்றிதழ்களால் கையொப்பமிடப்பட்டிருந்தது. 2017இல் சீகிளீனரின் 5.33 பதிப்புக்குள் உற்பத்தி இடத்திலேயே கள்ளச் சரக்கு ஏற்றப்பட்டு, அசல் கையொப்பத்துடனேயே வெளிவந்தது. மறுபக்கம், சிறிய கணக்குப் புரோகிராம்கள், உள்ளூரில் யாரோ எழுதிய பில் போடும் புரோகிராம்கள் கையொப்பமே இல்லாமல் நேர்மையாக ஓடிக்கொண்டிருக்கும். சான்றிதழ் வாங்க வருடாவருடம் காசு கட்ட வேண்டும், அவ்வளவுதான் விசயம்.

வைரஸ்டோட்டல் 2004இல் ஸ்பெயினில் தொடங்கி 2012இல் கூகிளின் கைக்குப் போன தளம். ஒரு ஃபைலை எழுபதளவு எஞ்சின்களிடம் காட்டிப் பதில் சொல்கிறது. ஃபைலை ஏற்றத் தேவையில்லை, அதன் கைரேகை போதும். எஸ்எச்ஏ256 என்ற அந்தக் கைரேகை 64 எழுத்து நீளம். செவன்சிப் ஏற்றியிருந்தால் ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து "சிஆர்சி எஸ்எச்ஏ" மெனுவில் எடுக்கலாம். அதைத் தேடல் பெட்டியில் ஒட்டினால் சரி. புரொசெஸ் எக்ஸ்புளோரரும் ஒப்ஷன்ஸ் மெனுவில் ஓடும் எல்லாவற்றின் கைரேகையையும் ஒரேயடியாக அனுப்பிப் பதிலைத் தனி நிரலில் காட்டும். டேட்டாக் கார்டில் இருப்பவர்களுக்கும் இது சுமையில்லை. வேலையிடத்து ஆவணங்களை, அடையாள அட்டைப் படங்களை அங்கே ஏற்றாதீர்கள். ஏற்றிய ஃபைல்களைக் காசு கட்டும் பாதுகாப்பு நிறுவனங்கள் இறக்கிப் பார்க்கலாம்.

எழுபதில் ஒன்றிரண்டு சிவப்பு, அதுவும் "ஜெனரிக்" என்றோ "ஹியூரிஸ்டிக்" என்றோ இருந்தால், பெரும்பாலும் வீண் பயம். முப்பது நாற்பது சிவப்பு என்றால் பேச்சே இல்லை. நடுவில் ஐந்து முதல் பத்து வரை வருவதுதான் தலையிடி. அங்கே எஞ்சின் கொடுத்த பெயரைப் படிக்க வேண்டும். கைரேகையே கிடைக்கவில்லை என்றால் அதற்கும் பொருள் உண்டு. உள்ளூர்ப் பில் புரோகிராமுக்கு அது இயல்பு. குரோம் என்று சொல்லிக்கொள்ளும் ஃபைலை உலகத்தில் ஒருவருமே காட்டியதில்லை என்றால், அது குரோம் இல்லை.

தமிழ் அடிப்பவர்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு. ஈகலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்றவை நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு விசையையும் இடைமறித்துத் தமிழெழுத்தாக மாற்றுகின்றன. விசைகளைத் திருடும் கீலொகரும் அதே கதவால்தான் நுழைகிறது. அதனால் இவற்றைக் கண்டு சில அன்டிவைரஸ்கள் குரைப்பது வியப்பில்லை. பிரித்தறிய நெட்வேர்க்கைப் பாருங்கள்: எழுத்தை மாற்றுபவனுக்கு இணையத்தில் ஓயாத வேலை இருக்கக்கூடாது. சிடிஎஃப்மொன் என்ற புரொசெஸும் இதே பழியைச் சுமப்பது. அது விண்டோஸின் சொந்த மொழிப் பட்டைக்காரன், சிஸ்டம்32இல் இருந்தால் விட்டுவிடுங்கள். கொன்றால் தமிழ் அடிப்பது நின்றுபோகும், சில வேளை ஸ்டார்ட் மெனுத் தேடலில் ஆங்கிலம்கூட விழாது. விண்டோஸ் 10இன் 2019 மே அப்டேட்டிலிருந்து தமிழ் ஒலியியல் கீபோர்ட் உள்ளேயே வருகிறது, வெளியாள் தேவையில்லாதவர்கள் அதற்கு மாறலாம்.

கேஎம்எஸ் என்ற சங்கடம்

லப்டொப்பை வாங்கும்போதே விண்டோஸும் ஒபிஸும் "போட்டுத் தந்திருந்தால்" உரிமம் வாங்காமலே அவற்றை அக்டிவேட் பண்ணும் ஓட்டோகேஎம்எஸ், கேஎம்எஸ்பிகோ போன்ற கிராக் ஏதாவது ஒன்று பின்னணியில் குறித்த நேரத்துக்கு எழும்பி ஓடக்கூடும். எஞ்சின்கள் "ஹாக்டூல்" என்று எழுதும். "அது கிராக்குக்காகச் சொல்லுறது, வைரஸ் இல்லை" என்பது வழமையான சமாதானம். சில வேளை அது உண்மையாகவும் இருக்கும். சிக்கல் அதுவல்ல. கிராக்கை ஓட்டுவதற்காக டிஃபெண்டரை அணைக்கச் சொல்வார்கள், அல்லது அதற்குக் கண்ணை மூடச் சொல்லி விலக்குப் பட்டியலில் ஒரு ஃபோல்டரைச் சேர்த்துவிடுவார்கள். அந்த விலக்கு அப்படியே கிடக்கும். பின்னால் வருகிற எதுவும் அந்த ஃபோல்டரில் பாய் விரித்துப் படுக்கலாம்.

விண்டோஸ் செக்யூரிட்டி, "வைரஸ் அன்ட் திரெட் புரொடெக்ஷன்", "மனேஜ் செட்டிங்ஸ்" போய் அடியில் உள்ள "எக்ஸ்குளூஷன்ஸ்" பட்டியலைத் திறந்து பாருங்கள். நீங்கள் சேர்க்காத ஒன்று அங்கே இருந்தால், அதிலும் முழு சி டிரைவ் இருந்தால், புரொசெஸ் விசாரணைக்கு முன்பே அதை நீக்கி முழு ஸ்கேன் ஓட்டுங்கள். சந்தேகமான லப்டொப்பில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது என்பது என் எண்ணம். டாஸ்க் மனேஜர்கூட இரண்டாவதுதான்.

ஃபேன் இரைச்சலும் கச்சான் காற்றும்

கொம்பியூட்டரின் சீபியூவில் இரகசியமாகக் கிரிப்டோ எனும் டிஜிட்டல் நாணயம் தோண்டும் மைனர் புரோகிராம்கள் திருடுவது உங்கள் மின்சாரத்தை. அனேகமாக எக்ஸ்எம்ரிக் என்ற திறந்த மூலப் புரோகிராமைப் பெயர் மாற்றி மொனேரோ என்ற நாணயத்தைத் தோண்டுவார்கள். ஃபேன் ஓயாமல் இரையும், லப்டொப்பின் அடி கொதிக்கும். டாஸ்க் மனேஜரைத் திறந்தால் சீபியூ 5 வீதம். ஏனென்றால் அவற்றில் பல டாஸ்க் மனேஜர் திறக்கும் கணமே படுத்துவிடும்படி எழுதப்பட்டவை. அதனால் காதைப் பயன்படுத்துங்கள். திறந்து அரை நிமிடத்தில் இரைச்சல் தணிந்து, மூடியபின் மீண்டும் ஏறினால் உள்ளே ஆள் இருக்கிறான். புரொசெஸ் எக்ஸ்புளோரரின் ஃபைல் பெயரை வேறு ஏதாவதாக மாற்றி ஓட்டினால் சில வேளை அவனைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

ஆனால் ஊர் நிலவரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் அறைக்குள்ளேயே அனல் பறக்கும்போது எந்த லப்டொப்பும் இரையும். கடற்கரையை அண்டிய வீடுகளில் உப்புக்காற்றும் தூசியும் சேர்ந்து ஃபேன் இறக்கைகளிலும் வெப்பத் தகட்டிலும் படையாகப் படியும். டாஸ்க் மனேஜர் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒரே இரைச்சல் என்றால் தூரிகையும் ஸ்க்ரூட்ரைவரும்தான் மருந்து. அப்டேட் இறங்கிய கையோடு ஓடும் "விண்டோஸ் மொடியூல்ஸ் இன்ஸ்டோலர் வேர்க்கர்"உம் பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கொம்பியூட்டரை ஒரு மணித்தியாலம்கூட முடக்கிப் போடும். விட்டுவிட்டால் தானே ஓயும்.

ஆரோடு பேசுகிறது, எப்படித் திரும்ப வருகிறது

எந்தப் புரொசெஸ் எந்த முகவரியோடு தொடர்பில் இருக்கிறது என்று சிஸ்இன்டேர்னல்ஸின் டிசிபிவியூ நேரடியாகக் காட்டும். பிரௌசரையும் வைபரையும் மூடிவிட்டு இரண்டு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். மிஞ்சுவது கொஞ்சம்தான். படம் வரையும் புரோகிராமோ, ஒரு ஸ்கிரிப்டோ "எஸ்டாப்ளிஷ்ட்" நிலையில் வெளி முகவரி ஒன்றோடு விடாமல் நின்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

தானாகத் தொடங்கும் பதிவுகளைப் பார்க்க, அதே சிஸ்இன்டேர்னல்ஸின் ஓட்டோரன்ஸ் என்ற கருவி. டாஸ்க் மனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கம் காட்டுவது வாசற்படியை மட்டும். ஓட்டோரன்ஸ் கொல்லைப்புறம், கூரை, கிணற்றடி எல்லாம் காட்டும். "ஹைட் மைக்ரோசொஃப்ட் என்ட்ரீஸ்" போட்டால் பட்டியல் ஒரு பக்கத்துக்குச் சுருங்கும். மஞ்சள் நிறம் என்றால் பதிவு இருக்கிறது, ஃபைல் இல்லை. பெரும்பாலும் பழைய எச்சம். இளஞ்சிவப்பு என்றால் வெளியீட்டாளர் விபரமோ சரிபார்த்த கையொப்பமோ இல்லை. ஷெடியூல்ட் டாஸ்க்ஸ் பகுதியைத் தவறவிடாதீர்கள், இப்போதெல்லாம் அதிகம் ஒளிவது அங்கேதான். சந்தேகமான பதிவை உடனே அழிக்காமல் சரிக்குறியை மட்டும் எடுங்கள். பிழையாக இருந்தால் திரும்பப் போடலாம்.

கள்ளன் என்று உறுதியானால் முதலில் வைஃபையை அணையுங்கள். இரண்டு புரொசெஸ்கள் ஒன்றையொன்று காவல் காத்தால், ஒன்றைக் கொன்றதும் மற்றது அதை உயிர்ப்பிக்கும். அதனால் புரொசெஸ் எக்ஸ்புளோரரில் இரண்டையும் "சஸ்பென்ட்" செய்து உறையவைத்து, அதன் பிறகு கொல்லுங்கள். பதிவை நீக்கி, ஃபைலை அழித்து, ரீஸ்டார்ட் செய்து, மீண்டும் பாருங்கள். திரும்ப வந்தால் ஒரு பதிவு தப்பியிருக்கிறது. கடைசியாக டிஃபெண்டர் ஒஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே ஓடுவதால் ஒளிந்திருப்பவனுக்கு விழித்துக்கொள்ள வாய்ப்பில்லை. கால் மணித்தியாலம் போல எடுக்கும், கரண்ட் போகும் நேரம் பார்த்துத் தொடங்காதீர்கள்.

ஒன்றும் ஓடவில்லை என்றாலும்

லும்மா, ரெட்லைன் வகைத் திருடர்கள் பின்னணியில் தங்குவதே இல்லை. பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்ட்களையும் குக்கிகளையும் அள்ளி அனுப்பிவிட்டுச் சில நிமிடங்களில் ஓடி மறைந்துவிடும். "நான் ரோபோ இல்லை என்று நிரூபிக்க விண்டோஸ் விசையும் ஆர் விசையும் அழுத்தி, இதை ஒட்டி, என்டர் அடியுங்கள்" என்று ஒரு பக்கம் கேட்டு, அதை நீங்கள் செய்திருந்தால், டாஸ்க் மனேஜரில் தேடுவது கள்ளன் போன பிறகு கதவைச் சாத்துவது. வேறொரு சாதனத்திலிருந்து முதலில் ஈமெயில், அடுத்து வங்கி, பிறகு முகநூல் என்ற ஒழுங்கில் பாஸ்வேர்ட் மாற்றுங்கள். ஒவ்வொன்றிலும் "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதையும் கட்டாயம் அழுத்துங்கள். குக்கி திருடியவனுக்குப் பாஸ்வேர்டே தேவையில்லை.

எனிடெஸ்க் போன்ற தூர இயக்கக் கருவிகள் இதற்கு நேர்மாறு. ஊர் சரி, கையொப்பம் சரி, வைரஸ்டோட்டலும் பச்சை. அதைப் போட்டது ஆர் என்பது மட்டும்தான் கேள்வி. "வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்ற அழைப்பு ஒன்றுக்குப் பிறகு வந்திருந்தால் உடனே நீக்கி, வங்கிக்கு நீங்களாகவே அழையுங்கள்.

இவ்வளவும் பார்த்து இன்னும் மனம் ஆறவில்லை என்றால் விண்டோஸை மீள ஏற்றுவது குறைவான வேலை. ஆவணம், படம், வீடியோ மட்டும் வெளியே எடுங்கள், புரோகிராம் ஃபைல்களும் ஷோர்ட்கட்களும் வேண்டாம். மைக்ரோசொஃப்டின் மீடியா கிரியேஷன் டூலைச் சுத்தமான வேறொரு கொம்பியூட்டரில் ஓட்டி 8 ஜிபி பென்ட்ரைவ் ஒன்றில் எழுதுங்கள். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, கொம்பியூட்டர் இடங்கொடுத்தால் 11ஐயே போடுங்கள். லப்டொப் உரிமத்துடன் வந்ததென்றால் அதன் திறவுகோல் போர்டிலேயே பதிந்திருக்கும், அதே பதிப்பைப் போட்டால் இணையத்தோடு இணைந்ததும் தானே அக்டிவேட் ஆகும். ஏற்றி முடிந்ததும் ஃபைல் எக்ஸ்புளோரரின் வியூ மெனுவில் "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" போட்டுவிட்டு, அதன் பிறகு பழைய பென்ட்ரைவைச் செருகுங்கள்.